சித்திரை வெயிலில் கம்பளி கேட்டவர்

அன்று மாலை அலுவலக அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மையத்தை நடத்திவந்த அண்ணன், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சத்துணவு அமைப்பாளர் அம்மா, அலமேலுவின் கணவர் சடையன், கவுன்சிலர் என்ற பெயரில் நான். வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் டாக்டர் அன்று இல்லை. அலமேலுவும் இல்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு ஞாபகம் தப்பியது குடியாலா, குடியை விட்டுவிட்டாரா, அவருடைய சமையல் வேலை நிற்குமா போகுமா என்று நாங்கள் நான்கு பேர் கூடி முடிவு செய்துகொண்டிருந்தபோது, அவர் பக்கத்து அறையில், சித்திரை வெயிலில், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

சமூகப்பணி படித்து முடித்து, போதை மீட்பு மையங்களுக்கு வேலைக்குப் போகப்போகும் உங்களுக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக அறுபதைத் தாண்டியிருப்பார்கள். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்த மையம் எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அதனால் எழுதும் உரிமை எனக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

மையம் கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்தது. பெயர் வேண்டாம். அண்ணனின் பெயரும் வேண்டாம், எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து வேலையையும் வீட்டையும் தொலைத்தவர். விட்டபிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவரால் பிழைத்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை நான் திட்டப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவரை எதிர்த்ததற்காக வருந்தப்போவதாகவும் நினைக்க வேண்டாம்.

அங்கே காலையில் கூட்டம் நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து, "என் பேரு இன்னார், நான் குடிநோயாளி" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கை தட்டுவார்கள். சொன்னவர் கைக்கு டீ கிளாஸ் வரும். சொல்ல மறுத்தால் டீ கடைசியில், ஆறிப்போய்த்தான் வரும். நல்ல வழக்கம்தான். நோயை ஒப்புக்கொள்வதில்தான் மீட்சி தொடங்குகிறது என்று பாடத்திலும் படித்திருக்கிறோம்.

அலமேலு வந்த மறுநாள் காலை, அவருடைய முறை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். குரல் ஆண் குரல்போலக் கரகரத்தது.

"என் பேரு அலமேலு. நான் சமையல்காரி."

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னா சமையல்க்கா, சாராய ஊறலா?" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நானும் இப்டித்தாம்மா சொன்னேன். பெத்தவ தலமேல கையடிச்சி குடிச்சதே இல்லன்னேன். மறுக்கறதுதான் இந்த நோவு."

அலமேலு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லைத் தேடுகிற பார்வை. பிறகு சொன்னார்: "குடிச்சவங்க வுடலாம்ணே. குடிக்காதவள இன்னாத்த வுடச் சொல்ற?"

அன்று அவருக்கு ஆறின டீதான்.

அவர் வந்த கதை இது. மலைமேல் ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். நன்றாகச் சமைப்பவர் என்று அமைப்பாளர் அம்மாவே சொன்னார். சில மாதங்களாகச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அல்லது விழவேயில்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டார். முட்டை ஒத்துக்கொள்ளாத பையனுக்கு முட்டையைப் போட்டு, அவன் வாந்தி எடுத்தான். நடை தள்ளாடியது, பேச்சு தடித்தது, முகம் உப்பியது. பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: குடித்துவிட்டு வருகிறாள்.

"வாயில வாடை அடிச்சுதாண்ணே?" என்று சடையனிடம் கேட்டேன்.

"வாடையே வராத சரக்கு இப்ப வந்துக்கிதாமே சார்" என்றார் அவர். அந்தப் பேச்சின்போது வாடை அடித்தது அவரிடமிருந்துதான். மலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டால், கவலையில் என்றார்.

மையத்தில் அலமேலுவின் ஒவ்வொரு குறைக்கும் எங்களிடம் விளக்கம் தயாராக இருந்தது. மறதியா? குடி. தள்ளாட்டமா? குடி. கம்பளி கேட்கிறாரா? குடியை நிறுத்திய உடம்பு நடுங்குகிறது. குடிக்கவில்லை என்கிறாரா? அதுதான் குடிநோயின் முதல் அடையாளம். யோசித்துப் பாருங்கள், எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைக்குள்தான் வந்து நிற்கிறோம். வேறு எங்கேயும் ஒரு மனிதர் "நான் குடிக்கவில்லை" என்றால், ஒருவேளை குடிக்கவில்லையோ என்று யாராவது நினைப்பார்கள். எங்கள் தொழிலில் மட்டும்தான் அது சாட்சியமாகவே எடுபடாது.

எனக்கு உறுத்திய முதல் விஷயம் அந்தக் கம்பளி. குடியை நிறுத்தியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் நடுங்குவார்கள், ஆனால் சட்டை நனைய வியர்ப்பார்கள். தூக்கம் வராமல் கூடத்தை அளப்பார்கள். கையைப் பிடித்தால் நாடி துள்ளும். அலமேலுவின் கை வறண்டு, செதில் செதிலாக, குளிர்ந்திருந்தது. நாடி ஊர்ந்தது. படுத்தால் தூக்கம்.

இரண்டாவது, கோவிந்தன் அண்ணன். மூங்கில்துறைப்பட்டு பக்கத்துக்காரர், ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். குடி அவருடைய ஞாபகத்தை நிஜமாகவே தின்றுவிட்டது. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், புதுசா வந்துக்கறியா?" என்பார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் திணறவே மாட்டார். "நேத்தா? லோடு ஏத்திக்கினு போனேன் சார். ஆலை கேட்ல ஒரே க்யூ. பின்னாடி டிரெய்லர் பஞ்சர்" என்று கண் எதிரே நடப்பதுபோலச் சொல்வார். மாதக்கணக்கில் அவர் அந்தக் கூடத்தைத் தாண்டியதேயில்லை. பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மனசு தானாகவே கதை போட்டு அடைக்கிறது. அவருக்கு அது கதை என்றே தெரியாது.

அலமேலுவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "தெரில தம்பி" என்றார். வேறு எதையும் கேட்டாலும் தெரிந்தால் மெதுவாகச் சொல்வார், தெரியாவிட்டால் தெரியவில்லை என்பார். ஓட்டையை ஓட்டையாகவே காட்டினார்.

மறதியோடு வருகிறவர்களுக்குக் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியையும் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் ஒரு பக்கம் உண்டு. நீங்களும் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் விட்டிருப்பீர்கள். என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததை வீணாக்கும் வசதி எனக்கில்லை.

இனி அந்த அலுவலக அறைக்கு வருகிறேன்.

அமைப்பாளர் அம்மா நல்லவர். அலமேலுவைக் காப்பாற்றத்தான் வந்திருந்தார். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஒரு சர்டிபிகேட் குடுத்துடுங்க சார். குடிச்சிக்கினு இருந்தாங்க, சிகிச்சை எடுத்தாங்க, இப்ப வுட்டுட்டாங்கன்னு இருந்தா போதும். நான் மேல பேசிக்கறேன். அது இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

"குடுத்துடலாம்" என்றார் அண்ணன். "ஆனா அந்தம்மா மொதல்ல ஒத்துக்கினு கையெழுத்துப் போடணும். போடாம நான் குடுத்தா அது பொய்."

சடையன் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னா கேப்பா சார். ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வேலைக்குப் போவ வேண்டிதுதான? பொட்டப்புள்ளய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேருமே அலமேலுவுக்கு நல்லதுதான் நினைத்தார்கள். நமக்கு வரும் நெருக்கடி பெரும்பாலும் இப்படித்தான் வரும். கெட்டவன் மிரட்டினால் எதிர்ப்பது சுலபம். நல்லவர்கள் கெஞ்சும்போதுதான் கால் வழுக்குகிறது. ஒரு கையெழுத்து, வேலை மிஞ்சும். ஆனால் மறதி? அந்தக் காகிதத்தோடு அவர் திரும்பவும் பெரிய அடுப்பின் முன்னால்தான் போய் நிற்பார். சுற்றிலும் பிள்ளைகள். அடுத்த தடவை அடுப்பை மறந்தால், மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டாள் என்பார்கள். அப்புறம் எந்த டாக்டரும் அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்க்கமாட்டார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வெளியே பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். போட்டால் வேலை இருக்கும் என்பதையும் சொன்னேன்.

"நான் குடிச்சேன்னு நீ நம்பறியா தம்பி?"

"இல்லக்கா."

"அப்பறம் ஏன் அத கையில புடிச்சிக்கினு நிக்கற?"

காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவரே தொடர்ந்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எனக்கு மறக்குது. அது நெசம். ஒரு நாளு என் பொண்ணு பேர அடுப்பாண்ட நின்னு தேடிக்கினு இருந்தேன், வரவே இல்ல. ஆனா நான் குடிக்கல. அது மட்டும் மறக்கல."

கையெழுத்தில்லாத காகிதத்தோடு திரும்பிப் போய், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"கவுன்சிலர் வேல பேசறது. ஊசி குத்தறது இல்ல."

"டாக்டர் வர இன்னும் நாள் இருக்குண்ணே. வெளியில ஒரு லேப்ல பாத்துடறேன். நான் சொல்றது தப்பா இருந்தா நானே கையெழுத்து வாங்கித் தரேன்."

"அவ மறுக்கறா. நீ அதுக்குத் தோள் குடுக்கற. இந்த மாதிரி தோள் குடுத்தவங்களாலதான் நான் பத்து வருசம் குடிச்சேன்." அவர் குரலில் கோபத்தைவிட வலி அதிகமாக இருந்தது. "அவள வெளிய கூட்டிக்கினு போனா, திரும்பி நீ உள்ள வராத."

மற்றவர்கள் சொன்னதால் என்றாலும், அலமேலு சேர்ந்தது தன் சம்மதத்தில். வெளியே போகவும் அவர் சம்மதம் போதும். இதை நன்றாக நினைவில் வையுங்கள், நாம் நடத்துவது சிறை அல்ல. காலையில் கேட்டேன். "போலாம்" என்று கம்பளியோடு எழுந்தார்.

ஷேர் ஆட்டோவில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா சார், அம்மாவுக்கு ஜுரமா?" என்றார்.

"குளுரு" என்றார் அலமேலு.

"கத்திரி வெயில்ல குளுரா! குடுத்து வச்சவங்கம்மா நீ."

அலமேலு சிரித்தார். மையத்துக்கு வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு லேப். ரத்தம் கொடுத்ததும் அலமேலுவை மையத்தின் வாசலில் விட்டேன், என்னை உள்ளே விடவில்லை. சாயங்காலம் முடிவு வாங்கப் போனபோது அங்கிருந்தவர், "மெஷின்தான் தப்போன்னு ரெண்டாவது வாட்டி ஓட்டிப் பாத்தேன் சார்" என்றார். கழுத்திலிருக்கும் அந்தச் சுரப்பி அநேகமாக வேலையை நிறுத்திவிட்டிருந்தது. அது சுரக்கும் ஹார்மோன் குறைந்தால் உடம்பில் எல்லாமே மந்தமாகும். சூடு, நாடி, குரல், நடை, அதோடு ஞாபகமும்.

டாக்டர் தன் முறை நாளில் வந்தார். அவர் பார்க்கட்டும் என்று அன்று ஒரு நாள் மட்டும் என்னை உள்ளே விட்டார்கள். முடிவைப் பார்த்தார், அலமேலுவைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். "மொகத்தப் பாத்தாலே தெரியுதேய்யா! இவங்கள என்கிட்ட காட்டவே இல்லையா?"

"ரெண்டு தடவ காட்டினோம் சார்" என்றேன்.

அவர் மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில், காலையில் ஒன்று. இல்லாத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது, அவ்வளவுதான். அலமேலுவின் நோய் குடியால் வந்ததல்ல என்று ஒரு கடிதமும் எழுதித் தந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வந்தபோதும் திரும்பவில்லை.

உடனே அதிசயம் நடந்துவிடவில்லை. முதலில் சடையன் போன் செய்து, "மாத்திர வேல செய்யல சார், பேசாம அந்தக் கையெழுத்தப் போட்டிருக்கலாம்" என்றார். பள்ளி திறந்தது. அலமேலுவின் அடுப்புக்கு வேறொருவரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். எனக்கு வேலை இல்லை. கரும்புத் தோட்டத்தில் அப்பாவோடு நின்றேன். "இத்தினி படிச்சி இதுக்குத்தான் வந்தியா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு ஒரு நாள் சடையனே அழைத்தார். "கம்பளிய தொவச்சி மடிச்சி வச்சிட்டா சார். வேர்க்குதாம் அவளுக்கு!" வேர்க்கிறது என்று ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குரல் இளகியது. நடை நேரானது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

இந்தச் செய்தி எப்படியோ பரவியது. கோவிந்தன் அண்ணனின் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "அந்த ஞாபக மாத்திரைய எங்க வூட்டுக்காரருக்கும் வாங்கிக் குடு தம்பி. மூக்குல அடிக்கற ஹார்மோன் மருந்துகூட இருக்குதாம். எங்கியோ ஒருத்தர் தராராம். இருக்கற காணிய அடமானம் வச்சாவது வாங்கிடறேன்."

அந்த அம்மாவை விட்டே கோவிந்தன் அண்ணனுக்கும் ரத்தம் பார்க்க வைத்தேன். சுரப்பி நன்றாக இருந்தது. மூக்கில் அடிக்கும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். குடியால் போன ஞாபகத்துக்கு அந்த மாதிரி ஹார்மோன்களை வெளிநாடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள், நிலத்தை அடமானம் வைக்கும் அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை என்றார். ஆரம்பத்திலேயே வைட்டமின் ஊசி போட்டிருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இப்போதும் சத்தான சாப்பாடு, வைட்டமின், குடியில்லாத நாட்கள் இவைதான்.

அந்த அம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். "மலைக்காரிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று அழுதுகொண்டே திட்டிவிட்டுப் போனார். அண்ணனை எதிர்த்ததைவிட இது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், இல்லாத ஹார்மோனைக் கேட்டு எப்படிச் சண்டை போடுகிறீர்களோ, அப்படியே பயன்படாத ஹார்மோனை விற்கிறவனோடும் சண்டை போடுங்கள். நிலம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. கோவிந்தன் அண்ணன் இன்னும் தினமும் லோடு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

டாக்டரின் கடிதத்தோடு நானும் அலமேலுவும் பள்ளிக்குப் போனோம். அமைப்பாளர் அம்மா படித்துவிட்டு, "எனக்குச் சரி. ஊரு ஒத்துக்கணுமே" என்றார். மேலே எழுதி அனுப்பினார். அவரும் விடவில்லை, நாங்களும் விடவில்லை. ஒருவழியாக அலமேலு திரும்ப வரலாம் என்று சொன்னார்கள்.

அவருடைய முதல் நாளன்று நானும் மலையேறினேன். சமையலறை வாசலில் நான்கைந்து அம்மாக்கள் வேவு பார்ப்பதுபோல நின்றிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "கீழ போய் மாத்திர தின்னாளாம். குடியே மறந்துபோச்சாம்" என்றார்.

அலமேலு கரண்டியை நிறுத்தவில்லை. "குடி எனக்கு எப்பவும் ஞாபகத்துலியே இல்லடி. உன் வூட்டுக்காரன் ஞாபகத்துல இருந்தா சொல்லு, கீழ இருக்கற மையத்துக்கு வழி சொல்லியனுப்பறேன்." அதற்குச் சிரித்தவர்கள் அந்த அம்மாவோடு நின்றவர்களே.

பிள்ளைகள் வரிசையாகத் தட்டை நீட்டினார்கள். முட்டை போட்டுக்கொண்டே வந்தவர் ஒரு பையன் முன்னால் நின்றார். "டேய் பிரபு, தட்ட நவுத்து. உனக்கு முட்டை கெடையாது. வாந்தியெடுத்து என் சேலைய நாறடிச்சியே, மறந்துட்டேன்னு நெனச்சியா?" பையன் ஈயென்று இளித்தான். ஞாபகம் திரும்பியதற்கு நான் பார்த்த சான்றிதழ் அதுதான். வாசலில் பேசிய அம்மா அவனுடைய அம்மாதான். அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் இன்றும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் இப்போது அந்த மையத்தில் யார் சேர்ந்தாலும் முதலில் ரத்தம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பேசாவிட்டால் போகட்டும். நாளைக்கு இன்னொரு அலமேலுவை என்னிடம் காட்டி, கையெழுத்து வாங்கு என்றால், மறுபடியும் ஷேர் ஆட்டோவைத்தான் கைகாட்டுவேன். வேலையை விடப் பயமாக இருந்தால் பயப்படுங்கள். பயந்துகொண்டே கூட்டிக்கொண்டு போங்கள்.

கீழே இறங்கும் பஸ்ஸுக்காக நான் நின்றபோது, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு அலமேலு வந்தார்.

"இதுக்கெல்லாம் எவ்ளோ ஆச்சி தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும்." விரலை மடக்கினார். எங்கேயும் நிற்கவில்லை, எதையும் தேடவில்லை. "மையத்துக்குக் கட்டனது பதினஞ்சாயிரம். அதுக்கு முன்னாடி மந்திரிக்கறேன்னு ஒருத்தன் வாங்கினது ரெண்டாயிரம். என்ன கீழ எறக்கின ஜீப்புக்கு ஆயிரத்து எரநூறு. ரத்தம் பாக்க நீ குடுத்தது முன்னூத்தி அம்பது. இந்தா, அத வாங்கிக்காம பஸ் ஏற வுட மாட்டேன்." பணத்தை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, கடைசி விரலையும் மடக்கினார்.

"மொத்தம் பதினெட்டாயிரத்து ஐநூத்தி அம்பது."